தண்ணீரின் சுமைகூலி
(சென்னை மாநகரின் குடிநீர் வரலாறு)

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் பணித்தபோது, சேரர் சோழர் வரலாற்றை எழுதப் புலவர் பெருமக்கள் பலர் இருக்க நம்மை ஏன் நாடினர் என்று வியந்தோம். மெட்ரிகுலேஷன் அளவே கற்று, இரயில்வேயில் சரக்குக் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் நமக்குத் தெரிந்தது ஒன்றே. ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல என்ன செலவாகும், அச்செலவை யார் ஏற்பர் என்பதே அது. அந்தச் சிற்றறிவைத் துணையாகக் கொண்டு, கழக்கூட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உற்றார் உறவினர் வாழும் ஊராகிய சென்னையின் தண்ணீர் வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம்.

சென்னை நீரின்றித் தவிக்கும் செய்தி வரும்போதெல்லாம் மழை பொய்த்துவிட்டது என்று கூறி முடித்துவிடுகின்றோம். மழை பொய்த்தது உண்மையே. ஆனால் அதே ஊரில் ஒரு வீட்டார் ஆயிரம் லிட்டரைச் சில ரூபாய்க்குப் பெறுவதும், அடுத்த தெருவார் அதே ஆயிரம் லிட்டரைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்குவதும் மழையால் நேர்வன அல்ல.

பொருளாதார நூலோர் தண்ணீரைக் குறித்து ஒரு பழைய புதிர் சொல்வதுண்டு. 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் அதனை எடுத்துக்காட்டினார். தண்ணீரைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. ஆயினும் அதனைக் கொடுத்து எதையும் வாங்க இயலாது. வைரத்தால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் அதற்கு ஈடாக எவ்வளவோ பொருள் கிடைக்கும். பின்வந்தோர் இப்புதிரைப் பலவாறு விடுவித்தனர். சரக்கு ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதன் விடை வேறு வகையாகத் தோன்றுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. குங்குமப்பூவைக் காஷ்மீரத்திலிருந்து கொண்டுவந்தால் வண்டிக் கட்டணம் அதன் விலையில் இருக்கும் இடம் தெரியாது. மணலைப் பத்து மைல் கொண்டுவந்தாலே அதன் விலையிற் பெரும்பகுதி கட்டணமாகிவிடும். எடை மிகுதியும் மதிப்புக் குறைவும் உடைய சரக்கைக் கண்டால் எந்தக் குமாஸ்தாவும் முகஞ்சுளிப்பார். அவ்வகைச் சரக்குகளுக்கெல்லாம் தலையாயது தண்ணீர். ஊற்றிலும் ஆற்றிலும் அதற்கு விலை இல்லை. விலை முழுவதும் சுமைகூலியே. ஆகவே ஒரு நகரில் தண்ணீர் மலிவா கிராக்கியா என்று அறிய வேண்டுமாயின், அது எதன் வழியாக வருகிறது என்று கேட்டால் போதும்.

சென்னையின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்கு அந்தந்தக் காலத்தார் கூறிய விடைகளின் வரிசைதான்.

1639-இல் கும்பினியார் வந்து கோட்டை கட்டிய இடம் கடற்கரை மணல். கோட்டைக்குள் கிடைத்த நீர் உவர் நீர். நல்ல நீரை வெளியிலிருந்து சுமந்து வரவேண்டும். பகைவர் கோட்டையைச் சூழ்ந்துகொண்டால் என்ன ஆகும்? 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கவலை வெறுங்கற்பனை அன்று என்பது தெளிவாயிற்று. 1772-இல் காப்டன் பேக்கர் என்பவர் வகுத்த திட்டப்படி, கோட்டைக்கு வடமேற்கே பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கத்தில் கிணறுகள் வெட்டி, அந்நீரைக் குழாய் வழியே கோட்டைக்குக் கொண்டுவந்தனர். வெட்டிய பத்தில் ஏழே பயன்பட்டன. ஏழுகிணறு என்ற பெயர் இன்றளவும் வழங்கும் காரணம் அதுவே. நாளொன்றுக்கு 1,40,000 காலன் வழங்குமாறு அத்திட்டம் அமைந்தது. அக்குழாய் சென்றது கோட்டைக்கு. கிணறுகளைச் சுற்றி வாழ்ந்த கறுப்பர் நகரத்தாருக்கு அன்று. குழாய் யாருக்கு, குடம் யாருக்கு என்ற பிரிவினை சென்னையின் முதல் குழாயோடேயே பிறந்துவிட்டது என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

அடுத்த நூறு ஆண்டுகளுக்கு நகரத்து மக்கள் தத்தம் கிணற்றையும் கோயிற் குளத்தையும் ஏரியையும் நம்பியே வாழ்ந்தனர். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகரின் ஜனத்தொகை ஏறக்குறைய 4 இலட்சம். அத்துணை மக்கள் நெருங்கிய இடத்தில் கிணறும் கழிவும் அடுத்தடுத்து இருந்தால் விளைவது யாது என்று சொல்ல வேண்டியதில்லை. 1866-இல் பிரேசர் என்னும் பொறியியலாளர் ஒரு திட்டம் வகுத்தார். நகருக்கு வடமேற்கே ஓடும் கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுசென்று, பின் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்தில் சேர்ப்பது. 1872-இல் இது நிறைவேறிற்று. இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், நீர் தானே சரிந்து ஓடி வந்தது. எஞ்சின் இல்லை, கரி இல்லை. நிலத்தின் சரிவே சுமைகூலியைச் செலுத்திவிட்டது. சென்னைக்கு வந்த நீரில் இதனினும் மலிவாக வந்த நீர் வேறில்லை.

மலிவுக்கு ஒரு குறையும் உண்டல்லவா? திறந்த கால்வாயில் வந்த நீர் வடிகட்டப்படாதது. போதிய அழுத்தமும் இல்லாதது. மேட்லி என்னும் மாநகராட்சிப் பொறியியலாளர் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளையும் நீரேற்றும் எந்திரங்களையும் அமைத்தார். 1914 டிசம்பரில் அவை இயங்கத் தொடங்கின. தியாகராய நகரில் மழை பெய்தால் நீர் தேங்கும் சுரங்கப்பாதை ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ள சாலையில் இருப்பது விதியின் விளையாட்டுப் போலும்! அவர் இட்ட கணக்கு நம் போன்ற கணக்கருக்குச் சுவையானது. 1961-ஆம் ஆண்டில் நகரில் 6,60,000 பேர் இருப்பர் என்றும், தலைக்கு நாளொன்றுக்கு 25 காலன் வேண்டும் என்றும் கொண்டு அவர் திட்டமிட்டார். 1961 வந்தது. குடிக்கணக்கு எடுத்தபோது நகரில் இருந்தோர் 17 இலட்சத்துக்கு மேல். அவரைக் குறைகூறுவதற்கில்லை. வேலை தேடி நகரத்துக்கு வருவோரை யார் எண்ணிச் சொல்ல முடியும்? நாமே அவ்வாறு ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள்தாமே!

இதற்கிடையே பூண்டி. தீரர் சத்தியமூர்த்தி 1939-40-இல் சென்னை மேயராக விளங்கியபோது, கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில் ஒரு நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்துக்காக மன்றாடி வெற்றி பெற்றார். உலகப் போர் நடக்கும் காலத்தில் இரும்பும் சிமெண்டும் அரிதாயிருந்த நிலையில் அப்பணி நடந்து 1944-இல் முடிந்தது. 1943-இலேயே மறைந்த அவர் அதனைக் காணவில்லை. சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரில் அது நிற்கிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், பின்னர் குடிநீருக்குப் பயன்பட்ட செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் நிரம்பினால் சுமார் 11,250 மில்லியன் கன அடி நீர் நிற்கும். பூண்டிக்குப் பின் சென்னைக்கென்று புதிய நீர்த்தேக்கம் ஒன்று, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையில், திறக்கப்பட்டது 2020 நவம்பரில். 76 ஆண்டுகள்! அந்த 76 ஆண்டுகளில் நகரம் எத்தனை மடங்கு பெருத்தது என்பதை யாவரும் அறிவர்.

அந்த இடைக்காலத்தில் நகரம் என்ன செய்தது? அருகிலிருந்த நிலத்தைத் தோண்டிற்று. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியோடு நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு இவற்றின் பழைய மணற்படுகைகளில் நல்ல நீர் இருக்கக் கண்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கினர். மீஞ்சூர் நீர் மணலியின் பெருந்தொழிற்சாலைகளுக்கும் சென்றது. எடுத்த நீருக்கு ஈடாக மழை இறங்கவில்லை. நிலத்தடியில் வெற்றிடம் உண்டாயிற்று. வெற்றிடத்தை நிரப்பக் கடல் காத்திருந்தது. உவர் நீர் கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த வயல்களின் கிணறுகளில் உப்புக் கரித்தது. இந்த இழப்பு எந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு காசாகக்கூடப் பற்று எழுதப்படவில்லை. பிற்காலத்தில், 2010-இல், கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை ஒன்று நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வழங்குமாறு நிறுவப்பட்டது. எங்கே என்று நினைக்கின்றீர்கள்? அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில். முன்பு நல்ல நீரை இலவசமாக இறைத்த இடத்தின் அருகிலேயே, ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு என்று ஒப்பந்தம் பேசி உப்பு நீரை நல்ல நீராக்கி வாங்க வேண்டியதாயிற்று.

தொலைவிலிருந்து கொண்டுவரும் முயற்சிகளும் நடந்தன. அவற்றுள் வீராணம் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பராந்தக சோழன் காலத்தில் அவன் மைந்தன் இராசாதித்தன் வெட்டுவித்ததென்று கூறப்படும் வீரநாராயண ஏரி அது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது என்பதால் தமிழ் வாசகர் எவரும் அதனை மறவார். காவிரி நீர் கொள்ளிடத்தின் கீழணை வழியாக அங்கு வருகிறது. அதனைச் சென்னைக்குக் கொண்டுவர 1960-களின் இறுதியில் வகுத்த திட்டம் 1970-களில் இடைநின்றது. ஆள் நின்று நடக்கத்தக்க சிமெண்டுக் குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. வீடில்லாதவர் அவற்றுள் குடும்பம் நடத்தினர். அதன் அரசியல் வழக்குகளுக்குள் நாம் புக விரும்பவில்லை. தண்ணீர் வரவேண்டிய குழாயில் மனிதர் வாழ்ந்தனர் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. 2004-இல்தான் புதிய வீராணம் திட்டம் நிறைவேறி, சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியே நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரலாயிற்று.

கிருஷ்ணா நீரின் கதை சுருக்கமானது. 1983-இல் ஆந்திரத்துடன் ஒப்பந்தம். ஆண்டுக்கு 12 ஆயிரம் மில்லியன் கன அடி எல்லையில் தரப்படும் என்பது பேச்சு. 1996-இல் முதல் நீர் பூண்டியை அடைந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் பேசிய அளவு வரவில்லை. தலைப்பகுதி விளைநிலங்களுக்கும் தாகம் உண்டன்றோ?

இவ்வாறு கொசஸ்தலை, காவிரி, கிருஷ்ணா, கடல் ஆகிய நான்கும் ஒரு நகருக்குத் தண்ணீர் தருகின்றன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தொலைவு, அல்லது முந்தியதைவிடச் செலவு. பெருநகரங்களுக்கு இது பொது இலக்கணம் போலும். ஆனால் தொலைவிலிருந்து அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த நீரை நகரத்துக்குள் பங்கிடும்போது அந்தச் செலவு யாருக்கும் தெரிவதில்லை. 1978-இல் சட்டத்தின்வழி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியம், பெரும்பாலான வீடுகளில் அளவுமானி இன்றி, எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம் என்ற முறையில் நீர் வழங்கிற்று. 2019-இல் கூட அக்கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 100 ரூபாய்க்குக் கீழ்தான். சொத்து மதிப்பின்மேல் ஒரு வரியும் உண்டு. ஏழைக்கு உதவும் பொருட்டே இந்தக் குறைந்த கட்டணம் என்பர். அந்த நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏழையின் குடிசைக்குக் குழாய் இல்லையே! குழாய் உள்ளவனுக்கு அல்லவா அந்த மலிவு போய்ச் சேர்கிறது? அவனிலும், நிலத்தடித் தொட்டி கட்டி மோட்டார் வைத்திருப்பவன் அதிகம் இழுத்துக்கொள்கிறான். தெருக்கோடியில் கைப்பம்பு அடிப்பவளுக்குக் காற்றுத்தான் வருகிறது. வாரியத்துக்கோ வருவாய் போதவில்லை. போதாத வருவாயில் பழைய குழாய்களின் ஒழுக்கை அடைப்பது எவ்வாறு, புதிய தெருக்களுக்குக் குழாய் நீட்டுவது எவ்வாறு?

குழாய் நீளாத இடத்தில் லாரி புகுந்தது. 2003, 2004 ஆண்டுகளின் வறட்சியில் நகரின் குழாய் வழங்கல் ஏறக்குறைய நின்றே போயிற்று. லாரிகளே ஊரைத் தாங்கின. அரசு லாரி தெருத் தொட்டிகளில் இலவசமாக ஊற்றிற்று. அந்த இலவசத்துக்கும் ஒரு விலை இருந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அன்றைய கூலியை இழந்தனர். தனியார் லாரியோ நகரின் புறத்தேயுள்ள கிராமங்களின் கிணறுகளிலிருந்து நீரை ஏற்றி வந்தது. வாரியமும் பஞ்ச காலங்களில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து உழவர்களிடம் கிணற்று நீரை விலைக்கு வாங்கிற்று. இங்கேதான் நாட்டுப்புறத்துப் பொருளாதாரம் தலைகீழாகத் திரும்பியது. ஒரு ஏக்கர் நெல் விளைவித்து வரும் ஆதாயத்தைவிட, அதற்கு இறைக்கும் நீரை விற்று வரும் ஆதாயம் கிணற்று முதலாளிக்கு மிகுதி. அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. கடன்பட்டவர், கண்ணுக்கெதிரே பணம். ஆனால் அவர் கிணறு ஆழமாக ஆழமாக, அடுத்த நிலத்தாரின் ஆழமற்ற கிணறு வற்றுகிறது. நடவும் களையும் அறுப்பும் இல்லாமற்போக, நிலமற்ற கூலியாட்களுக்கு வேலை போகிறது. நீர் விற்றவருக்குப் பணம் கிடைத்தது. அந்நீரால் வாழ்ந்த உழைப்பாளிக்கு யாரும் ஈடு கொடுக்கவில்லை. வேலை போனவர் எங்கே செல்வார்? அந்த லாரி சென்ற சாலையிலேயே அவரும் நகருக்குச் சென்று, குழாயில்லாத ஒரு தெருவில் குடிசை போட்டுக்கொண்டு, குடத்தோடு வரிசையில் நிற்கிறார்.

மழைநீரை வீட்டுக்குவீடு நிலத்தில் இறக்க வேண்டும் என்று 2003-இல் அரசு கட்டாயமாக்கியதை மட்டும் நாம் மனமாரப் பாராட்டுவோம். அதற்குச் சுமைகூலியே இல்லை. வானமே வாசலுக்குக் கொண்டுவந்து இறக்குகிறது. அடுத்த சில ஆண்டுகள் நல்ல மழை பெய்யக் கிணறுகளில் நீர் மேலேறிற்று. பின்னர் ஊர் அதனை மறந்தது; குழிகளில் குப்பை அடைந்தது.

2015 டிசம்பர் முதல் நாளிலும் அடுத்த நாளிலும் சென்னையில் நடந்ததை இங்கு எவரும் மறந்திரார். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. நம் குடியிருப்பிலும் தொலைபேசியை விட்டு அகலாமல் இரவெல்லாம் விழித்திருந்த குடும்பங்கள் உண்டு. மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. 2018-இன் வடகிழக்குப் பருவமழை பாதிக்குப் பாதி குறைந்தது. 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்தது. நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கி வந்த வாரியம் 52 1/2 கோடி லிட்டராகக் குறைத்தது. அதிலும் பெரும்பகுதி வீராணமும், மீஞ்சூர், நெம்மேலிக் கடல்நீர் ஆலைகளும் தந்ததே. சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரையும் எடுத்தனர். உணவு விடுதிகள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்கள் சில, பணியாளரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அச்சாலையின் வானளாவிய கட்டடங்களிற் பெரும்பாலானவை குழாயை எதிர்பாராமல் லாரியை நம்பி எழுந்தவை. நமது கழக்கூட்டத்திலும் 1990 முதல் டெக்னோபார்க் வளர்ந்து வருவதால் இதனைக் குறிப்பிடுகின்றோம்.

அந்த ஜூன் மாதத்தில், திருவனந்தபுரத்திலிருந்து 20 இலட்சம் லிட்டர் குடிநீரை இரயிலில் அனுப்பத் தயார் என்று கேரள முதல்வர் அறிவித்தார். அப்போதைக்குத் தேவையில்லை என்று தமிழக அரசு முதலில் நன்றியோடு விடையிறுத்தது. நாள்தோறும் கிடைக்குமாயின் நலம் என்று பின்னர்த் தமிழக முதல்வர் கூறினார். அண்டை வீட்டார் நீட்டிய சொம்பை மதிக்க வேண்டும். அதனை மறவாமல் இங்குப் பதிவு செய்கின்றோம். எனினும் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீரை இழுப்பதென்றால் என்ன பொருள் என்பது நம் மேசைக்குத் தெரியும்.

இறுதியில் நீர் வந்தது சோலையார்பேட்டையிலிருந்து. அருகிலுள்ள மேட்டுசக்கரகுப்பத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைப் பெற்று, குழாய் போட்டு இரயில் பாதைவரை கொண்டுவந்து, 50 தொட்டி வாகன்களில் நிரப்பினர். 2019 ஜூலை 12-ஆம் நாள் முதல் வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து குழாய் வழியே கீழ்ப்பாக்கம். ஆம், 1872-இல் சரிந்தோடி வந்த கால்வாய் முடிந்த அதே கீழ்ப்பாக்கம்தான். மேளதாளத்தோடு வரவேற்பு நடக்கும் என்று பலர் காத்திருந்தனர்; நம் கண் சரக்கின் கணக்கில் இருந்தது.

ஒரு வண்டியில் 25 இலட்சம் லிட்டர்; எடை 2,500 டன். தொலைவு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு நடைக்கு ஏறக்குறைய ஏழரை இலட்சம் ரூபாய்க் கட்டணம் என்று அப்போது செய்தி வந்தது. அதாவது லிட்டருக்கு 30 காசு. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் வீதம் ஆறு மாதங்களுக்குக் கொண்டுவர 65 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 180 நாள் என்று கொண்டால் 180 கோடி லிட்டர். லிட்டருக்கு 36 காசு. ஆயிரம் லிட்டருக்கு 361 ரூபாய். காட்டுப்பள்ளியில் கடலையே குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 49 ரூபாய்க்கும் குறைவு என்று முன்னர்க் கண்டோம். இரயில் நீர் அதனினும் ஏழு மடங்கு. இதில் இரயிலின் பிழை ஒன்றுமில்லை. எண்ணெய்க்கோ பாலுக்கோ உரிய வாகன் தண்ணீரை ஏற்றி வருகிறது. திரும்பும்போது காலியாகத் திரும்புகிறது. காலி வண்டிக்கும் எஞ்சின் வேண்டும், பாதை வேண்டும், ஆள் வேண்டும். அத்தனையும் ஓர் எடை மிகுந்த, விலையற்ற சரக்கின் தலையில் விழுகின்றன.

அந்த ஒரு கோடி லிட்டரை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி விரிவடைந்த மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்த 67 இலட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றரை லிட்டர். குறைந்துபோன 30 கோடி லிட்டரில் முப்பதில் ஒரு பங்கு. இருந்தும் அந்த வண்டி வந்தது சரியே என்பது நம் கருத்து. பஞ்சத்தில் ஒன்றரை லிட்டரும் உயிர். மேலும், 2016 ஏப்ரலில் மராட்டியத்து லாத்தூருக்கு மிரஜிலிருந்து தண்ணீர் வண்டி ஓடியபோதும், 1986-இல் ராஜ்கோட்டுக்கு ஓடியபோதும் கண்டதுபோல, வண்டி வருகிறது என்ற செய்தியே மக்களுக்கு ஒரு தெம்பு. சோலையார்பேட்டை வண்டி அக்டோபர் வரை ஓடி, பருவமழை நெருங்க நின்றது.

அந்தக் கோடையில் தனியார் லாரிக்காரர் 12,000 லிட்டருக்கு 4,000, 5,000 ரூபாய் வரை கேட்டனர். 5,000 என்றால் லிட்டருக்கு 42 காசு. இரயிலைவிட அதிகம்! இருநூறு கிலோமீட்டர் இழுத்து வந்த நீரைவிட, ஊர்ப்புறத்திலிருந்து வந்த நீர் விலை கூடிற்று. இங்கு நாம் முதலில் சொன்ன சுமைகூலி விதியும் போதாமற் போகிறது. இது கூலி அன்று. தட்டுப்பாடு வசூலித்த வாடகை. 20 லிட்டர் கேன் நீரோ 30, 35 ரூபாய். லிட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல். குழாயில் வரும் நீருக்கு மாதம் 100 ரூபாய் கொடுக்க முணுமுணுக்கும் அதே இல்லம், கேனுக்கும் லாரிக்கும் வாய் திறவாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்தது. வீட்டுக்கு வீடு போர், மோட்டார், தொட்டி, சுத்திகரிக்கும் எந்திரம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு சிறு குடிநீர் வாரியம் நடத்திய செலவையெல்லாம் திரட்டியிருந்தால் குழாயைச் செப்பனிட எத்துணை நிதி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-இல் இதே விளிம்பில் நின்றது. அங்குக் குழாய்களில் அளவுமானி இருந்தது. பிப்ரவரி முதல் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டி, மிகுதியாக எடுத்தோருக்குக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தினர். குழாய்கள் மூடப்படும் நாள் வராமலே மழை வந்தது. செல்வர் சிலர் தமக்குத் தனிக் கிணறு தோண்டித் தப்பியதும் உண்டு. எந்த ஊரிலும் அது உண்டு. ஆனால் எவ்வளவு எடுத்தாய் என்று ஒவ்வொரு வீட்டையும் கேட்க அந்நகரத்தால் முடிந்தது. சென்னையால் அன்று அது முடியவில்லை. சென்னை மேலும் கடலை நோக்கியே திரும்பியது. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் அளவில் தொடங்கிற்று. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினர்.

நாம் வாழும் இவ்வூருக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்குக் கரமனையாறு அருவிக்கரையிலிருந்து நீர் தருகிறது. 1933 டிசம்பரில் வைசிராய் வில்லிங்டன் பிரபு திறந்துவைத்த திட்டம் அது. மேலே பேப்பாறை அணை 1983-இல் வந்தது. மழைக்குப் பஞ்சமில்லாத நாடு என்று நாம் பெருமை பேசுகின்றோம். ஆயினும் 2017 மே மாதத்தில் பேப்பாறை வற்ற, நெய்யாற்று நீரை எந்திரத்தால் இறைத்து அருவிக்கரைக்குத் திருப்பித்தான் நகரம் பிழைத்தது. 2024 செப்டம்பரில் மழையிருந்தும், அணையில் நீரிருந்தும், நாகர்கோவில் இரயில் பாதையை இரட்டையாக்கும் பணிக்காகப் பெருங்குழாயை இடம்மாற்றும் வேலை நீண்டதால், நகரின் நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகளில் ஓணத்தை ஒட்டிய நாட்களில் குழாய் வறண்டது. பள்ளிகளுக்கு ஒருநாள் விடுமுறையும் விட்டனர். லாரிகள் ஓடின. நீர் இருப்பது வேறு, நீர் வந்து சேர்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

இங்குக் குழாய்க்கு அளவுமானி உண்டு. 2023 பிப்ரவரியில் கேரள நீர் ஆணையம் லிட்டருக்கு ஒரு காசு உயர்த்திற்று. மாதம் 5,000 லிட்டர் வரை செலவிடும் வீட்டுக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 ரூபாய் 41 காசாக இருந்தது 14 ரூபாய் 41 காசாயிற்று. ஆயிரம் லிட்டரைத் தூய்மையாக்கி வழங்க 22 ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்று அரசு அப்போது கூறியது. ஒரு காசா என்று ஊரெங்கும் கூச்சல் எழுந்தது. நம் குடியிருப்பின் வாயிற்படிகளிலும் அது கேட்டது. கோடையில் கழக்கூட்டத்து அடுக்குமாடிகளின் வாயிலில் வந்து நிற்கும் லாரியின் ரசீது சங்க உறுப்பினர் பலர் வீட்டில் இருக்கும். அதிலுள்ள தொகையை லிட்டரால் வகுத்துப் பார்க்க ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும்.